என் குரலில் நாற்பது தேவைகள்

வேலையை விட்டு, சரியாகச் சொன்னால் வேலை என்னை விட்டு, இரண்டு வருஷம் கழித்து நிழற்குடை இல்லத்துக்குள் காலெடுத்து வைத்தேன். அங்கே என்னை முதலில் வரவேற்றது என் குரல்தான்.

“எனக்குத் தண்ணி வேணும்.”

கூடத்தின் மூலையில் பரமகுரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு அசையவில்லை. கழுத்தில் இருந்த சாம்பல் நிற ரப்பர் வளையம்தான் பேசியது. அடுத்த நொடி ஜன்னல் பக்கமிருந்து “எனக்குப் பாட்டு வேணும்” என்றது இன்னொரு வளையம். அதுவும் என் குரல். சீருடை போட்ட ஒரு பெண் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பாட்டைப் போட்டாள்.

இந்த இல்லம் கீரனூரைத் தாண்டி, புதுக்கோட்டை சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். சிலருக்கு ஆட்டிசம், சிலருக்கு அறிவுசார் குறைபாடு. ஊர் இவர்களுக்கு வைத்திருக்கும் மற்ற பெயர்களை நான் எழுதப்போவதில்லை. பதினோரு பேரில் ஒருவருக்கும் பேச்சு கிடையாது. அதனால்தான் வளையம் வந்தது. தொண்டைத் தசை, நாடி, கையசைவு எல்லாவற்றையும் படித்து, போட்டிருப்பவர் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லும். சொல்வதற்கு ஒரு குரல் வேண்டுமே! பழகிய குரலாக இருக்கட்டும் என்று என்னை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, நாற்பது வாக்கியங்களைப் பதிவு செய்துகொண்டார்கள். மீசை வைத்த பரமகுரு என் குரலில் தண்ணீர் கேட்டபோது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். இப்போது கேட்கும்போது சிரிப்பு வரவில்லை.

“வாங்க சகாயராணி, வாங்க! நீங்க இல்லாம இந்த வீட்டுக்கு ஏதும்மா நல்ல பேரு?”

மேலாளர் தயானந்தன் சார். நல்ல மனிதர் போலவே எப்போதும் இருப்பார். எங்கள் ஒன்பது பேரையும் வேலையை விட்டு அனுப்பிய அன்றைக்கு ஆளுக்கு ஒரு சால்வை போர்த்தி, போட்டோ எடுத்துத்தான் அனுப்பினார். காரணமும் பணிவாகத்தான் சொன்னார். ‘வளையம் கேட்பதற்கு முன்னாலேயே நீங்கள் செய்துவிடுகிறீர்கள், அப்புறம் அது என்னத்தைக் கேட்கும்?’ என்றார். எங்களுக்குப் பதிலாக மூன்று புதிய பெண்கள் வந்தார்கள். அவர்கள் வளையம் சொன்னதைச் செய்தால் போதும்.

இப்போது என்னை அழைத்ததும் அவர்தான். வருடாந்திர ஆய்வில் அரசு வாரியத்து அதிகாரியோடு, இல்லத்தை அறிந்த வெளியாள் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அதிகாரி கையெழுத்துப் போட்டு இரண்டு நாளாகிறது என்றார் தயானந்தன் சார். பாக்கி என்னுடையது மட்டும்தான். சகாயராணி பழைய பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள் என்று நினைத்திருப்பார். நான்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பழைய வழக்கம் விடுமா? வந்ததும் தலைகளை எண்ணினேன். கூடத்தில் எட்டுப் பேர், படுக்கையில் ஒருவர். பத்தாவது ஆள் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியும். வாசலுக்குப் போனேன்.

நிதிலன் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இருபத்தொன்பது வயது, என்னைவிட ஒரு முழம் உயரம். விரல் முட்டியால் கேட்டில் மூன்று தட்டு தட்டினான். தட்டி முடித்ததும் அவன் கழுத்திலிருந்து நான் பேசினேன்.

“எனக்கு டீ வேணும்.”

தண்ணீர் கொடுத்த அதே பெண் அரை டம்ளர் டீயோடு வந்தாள். ஜெனிலா என்று பெயர். அவன் கையில் டம்ளரை வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த தொடுதிரைப் பலகையில் ஒரு பச்சைக் குறி போட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். அவன் மடக் மடக்கென்று குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். மறுபடி மூன்று தட்டு.

“எனக்கு டீ வேணும்.”

“இப்பத்தானே குடுத்தே?” என்றேன் ஜெனிலாவிடம்.

“நிதிலன் அண்ணாவுக்கு டீன்னா உசுருக்கா” என்றாள் சிரித்துக்கொண்டு. “நேத்து பதினேழு குடிச்சாரு. ஒண்ணைக்கூட இல்லேன்னு சொன்னதில்ல. சொல்லவும் கூடாதுல்ல, அது அவரு உரிமை.”

கெட்ட பெண் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சிரத்தையாகச் செய்கிற பெண். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

“நிதிலா” என்று கூப்பிட்டேன். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் என் குரல் கேட்டால் வலது தோளை என் பக்கம் சாய்ப்பான். அன்றைக்குச் சாய்க்கவில்லை. என் குரல்தான் நாள் முழுக்க அவன் தாடைக்குக் கீழேயே கிடக்கிறதே, அதற்கு என்ன மரியாதை இருக்கும்? சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது.

“காலையிலேர்ந்து மூணு சட்டை மாத்திட்டேன்” என்றாள் ஜெனிலா.

அதற்குள் உள்ளிருந்து தயானந்தன் சார் கூப்பிட்டார். போனேன். அப்போதே நின்று பார்த்திருக்க வேண்டும்.

அலுவலக அறையில் மிருதுளா இருந்தாள். வளையம் செய்கிற நிறுவனத்துப் பெண். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் எங்களிடம் பாடம் கேட்க வந்தபோது கல்லூரி வாசனை போகாத குழந்தையாக இருந்தாள். இப்போது பெரிய பதவி. இருந்தாலும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்களை ஒரு நாள்கூட நெனைக்காம இருந்ததில்ல. எத்தனையோ இல்லத்துல வளையத்துக்குப் பாடம் எடுத்தோம். ஒரே அசைவுக்குப் பலகையில ஒருத்தர் ஒரு கட்டத்தை அமுக்குவாங்க, இன்னொருத்தர் வேற அமுக்குவாங்க. வளையம் குழம்பிப்போயிரும். இங்க மட்டும்தான் ஒன்பது பேரும் ஒரே மாதிரி அமுக்கினீங்க. முரண்பாடே இல்ல. அதனால இந்த வீட்டுப் பாடத்தையே மூலப்பாடமா வெச்சுட்டோம். இப்ப புதுசா எந்த வளையம் செஞ்சாலும் அது மொதல்ல கத்துக்கிறது உங்ககிட்டதான்.”

பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

சுவரில் பெரிய திரை. ஒரு வருஷத்தில் இந்த வீட்டில் கேட்கப்பட்டவை நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். நிறைவேறியவையும் அதே எண். நூற்றுக்கு நூறு. ஐந்து நட்சத்திரம். தயானந்தன் சார் அதைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கீழே நாற்பது வரிகள் இருந்தன. தண்ணீர் இவ்வளவு, டீ இவ்வளவு, பாட்டு, மின்விசிறி, கழிவறை, ஓய்வு… கடைசி வரிக்கு வந்தபோது என் கண் நின்றுவிட்டது.

வலி: பூஜ்யம்.

“இது என்ன மிருதுளா, எழுதாம விட்டிருக்கா?”

“இல்லக்கா. நெசமாவே பூஜ்யம்தான். ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் வலி இல்ல.”

“ரெண்டு வருஷத்துல பதினோரு பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தலைவலி வரல?”

“அதான் நம்ம பராமரிப்பு” என்றார் தயானந்தன் சார்.

எண்ணிக்கையில் இடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “சார், நான் பத்துப் பேரைத்தான் பார்த்தேன். தேன்மொழி எங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சித்திரையில தவறிட்டாம்மா. விடியக்காலம் போய்ப் பார்த்தா தூக்கத்துலயே போயிருக்கா. ஒரு சத்தம் இல்ல, ஒரு அழுகை இல்ல. கடைசி பதினோரு நாளும் ஓய்வு ஓய்வுன்னுதான் கேட்டா. கேட்ட நேரமெல்லாம் படுக்க வெச்சோம். ஒரு நிமிஷம் தாமதிக்கல. பதிவு இருக்கு, வேணும்னா பாருங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தேன்மொழி ஏன் ஓய்வு கேட்டாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஓய்வே கேட்கவில்லை.

இனி சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாடம் எடுத்த காலத்தில் எங்கள் இடுப்பில் ஆளுக்கொரு பலகை. அதில் நாற்பது கட்டங்கள். ஒருவர் ஏதாவது அசைவு காட்டினால் பத்து நொடிக்குள் அவர் என்ன கேட்கிறார் என்று ஒரு கட்டத்தை அமுக்க வேண்டும். வலி என்ற கட்டமும் இருந்தது. முதல் வாரத்தில் தேன்மொழிக்கு மாதவிலக்கு வலி. முழங்காலைக் கட்டிக்கொண்டு கீழுதட்டைக் கடித்தாள். நான் வலியை அமுக்கினேன். பலகை சிவந்து கூவியது. ஏழு பக்கப் படிவம். திருச்சியிலிருந்து மருத்துவ வேன். முன்பின் தெரியாத நான்கு பேர் அவளைப் பிடித்து, படுக்கையோடு கட்டி, ஸ்கேன் எடுத்து, ‘மாதவிலக்கு வலி’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். மணிக்கட்டு இரண்டும் கன்றிப்போய் வந்தாள். ஒரு மாதம் யாரையும் தொடவிடவில்லை. அதோடு தயானந்தன் சார் கூடத்தில் நின்று, “யாரு அமுக்குனது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு தரம் பதில் சொன்னவர்கள் மறுதரம் அமுக்க மாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில், வெங்காயம் உரித்துக்கொண்டே ஒன்பது பேரும் பேசி முடிவெடுத்தோம். வலி வந்தால் ஓய்வை அமுக்குவது. அமுக்கிவிட்டு நம் கையால் பார்த்துக்கொள்வது. அப்படித்தான் செய்தோம். வயிற்றுக்கு வெந்நீர்ப் பை, ஓமத் தண்ணீர். பல்லுக்குக் கிராம்பு. காய்ச்சலென்றால் பக்கத்துத் தெரு டாக்டரம்மாவைச் சத்தமில்லாமல் கூட்டிவருவோம். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். அமுக்கியது ஒன்று, செய்தது ஒன்று. நாங்கள் செய்ததைப் பார்க்க வளையத்துக்குக் கண் கிடையாது. அமுக்கியதை மட்டும் அது கற்றுக்கொண்டது. எங்களுக்குள் முரண்பாடே இல்லை என்று இந்தப் பெண் பாராட்டினாளே, அதற்குக் காரணம் அந்த வெங்காயக் கூட்டம்.

நிதிலன் கதையும் அதுதான். அவனுடைய அப்பா சனிக்கிழமை தோறும் நான்கு மணிக்கு மொபெட்டில் வந்து கேட்டில் மூன்று தட்டு தட்டுவார். இவன் உள்ளேயிருந்து மூன்று தட்டு தட்டுவான். அப்பா இறந்து போனதை இவனுக்கு எப்படிச் சொல்வதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, சொல்லவில்லை. தினமும் போய்த் தட்ட ஆரம்பித்தான். நாற்பது கட்டத்தில் அப்பா என்று ஒரு கட்டம் இல்லை. ‘பக்கத்தில் உட்கார்’ என்றும் இல்லை. நான் ஒரு டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு போய், அவனோடு கேட்டருகில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். அடங்கிவிடுவான். டீயை அமுக்கினேன். வேறு எதை அமுக்குவது?

“மிருதுளா” என்றேன். “தேன்மொழிக்கு ஓய்வு வேணும்னு…”

முடிக்கவில்லை. வாசல் பக்கமிருந்து என் குரல் கேட்டது.

“எனக்கு ஓய்வு வேணும்.”

ஓடினேன். வயசுக்கு அது ஓட்டம்தான். ஜெனிலா நிதிலனைக் கைத்தாங்கலாகப் படுக்கையறைக்கு நடத்திக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாளா ஓய்வு கேக்குறான்?”

“நாலு நாளாக்கா. டீ இல்லன்னா ஓய்வு, ஓய்வு இல்லன்னா டீ. ஆனா படுக்க வெச்சா ஒடனே எந்திரிச்சிடுறாரு.”

படுக்கவைத்தால் ஏன் எழுகிறான்? கிட்டே போய் மூச்சைக் கேட்டேன். ஈரத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் உள்ளே. வளையத்தை ஒரு விரலால் விலக்கினேன். அதற்கு அடியில் தாடையும் கழுத்தும் ஒன்றாக வீங்கிச் சிவந்து, வளையத்தின் தடம் சதையில் பதிந்திருந்தது. தொட்டால் அடுப்பு மேடைச் சூடு. வாயிலிருந்து வந்த நாற்றத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பல் அழுகிச் சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பதினேழு சர்க்கரை டீ குடித்தால் எந்தப் பல் நிற்கும்?

என் விரல் பட்டதும் அவன் உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணில் நீர் கொட்டியது. கழுத்தில் என் குரல் தேன் போலச் சொன்னது.

“எனக்கு ஓய்வு வேணும்.”

“கேட்டீங்களா, படுக்கணுமாம்” என்றாள் ஜெனிலா.

“படுக்க வெச்சேன்னா செத்துருவான்டி! சார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க.”

தயானந்தன் சார் அசையவில்லை. பயந்துதான் போயிருந்தார். ஆனால் அவர் பயந்தது வேறு எதற்கோ. “சகாயராணி, சட்டம் தெரியாம பேசாதீங்க. வளையம் சொல்றது அவங்க வாக்குமூலம். அவரு ஓய்வு கேக்குறாரு. கேக்காத ஆளை வெளிய கொண்டுபோனா அது கடத்தல். ஆம்புலன்ஸ்காரன் வந்தாலும் வளையத்தைத்தான் மொதல்ல படிப்பான், திரும்பிப் போயிடுவான். இவங்க வாய்க்கு ஒரு மதிப்பு வேணும்னு போராடி வாங்குன சட்டம்மா அது.”

உண்மைதான். அந்தப் போராட்டத்தில் நானும் பந்தலில் உட்கார்ந்திருக்கிறேன்.

மிருதுளாவைப் பார்த்தேன். “இதை மாத்த வழி இருக்கா?”

அவள் முகம் வெளுத்திருந்தது. “பாடம் சொல்லிக்குடுத்தவங்க திருத்தலாம்க்கா. இந்த வீட்டுக்குப் பதிவான ஆள் நீங்கதான். ஆனா…”

“ஆனா?”

“சும்மா திருத்த முடியாது. தெரிஞ்சே தப்பாச் சொல்லிக்குடுத்தேன்னு ஒத்துக்கிட்டு ரேகை வெக்கணும். பேச முடியாதவங்க வாக்குமூலத்தைப் பொய்யாக்குனதுக்குத் தண்டனை இருக்கு. அதோட… தேன்மொழி விஷயமும் திரும்பத் தோண்டுவாங்க. உங்க மேலதான் வரும்.”

“யோசிச்சுப் பாருங்கம்மா” என்றார் தயானந்தன் சார் மெதுவாக. “பத்துப் பேருக்கும் இது வீடு. நட்சத்திரம் போச்சுன்னா இதை மூடி, எங்கயாவது நானூறு பேர் இருக்குற கொட்டடியில கொண்டுபோய் அடைப்பாங்க. ஒருத்தருக்காக மத்தவங்களை…”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். எனக்குப் பயமாகவும் இருந்தது, மறைக்கவில்லை. ஜெயிலுக்குப் போகிற வயசா இது? மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நிதிலன் சுவரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கினான். பிறகு சுவரில் முட்டியால் தட்டினான். மூன்று தட்டு.

“எனக்கு டீ வேணும்” என்றேன் நான், அவன் கழுத்திலிருந்து.

“பலகையைக் குடு” என்றேன் மிருதுளாவிடம்.

கட்டை விரலை வைத்தேன். ‘தெரிந்தே தவறாகக் கற்பித்தேன்’ என்று வாய்விட்டும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நாற்பது கட்டமும் விரிந்தது. ஓய்வு என்று நாங்கள் அமுக்கிய அசைவுகளின் பத்து நொடிப் படப் பதிவுகளை அவள் ஒவ்வொன்றாக ஓட்டிக்காட்டினாள். தேன்மொழி முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பரமகுரு காதைப் பொத்திக்கொண்டிருந்தார். நிதிலன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தான். வலி. வலி. வலி. ஏழெட்டு அமுக்கியதுமே, “போதும்க்கா, பிடிச்சுக்கிச்சு” என்றாள்.

வளையம் ஒரு நொடி ஊமையாக இருந்தது. பிறகு,

“எனக்கு வலிக்குது.”

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்த வாக்கியம். நாற்பதில் கடைசி. அன்றைக்கு மிருதுளா, ‘இன்னும் கொஞ்சம் மென்மையாச் சொல்லுங்கக்கா’ என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். அதைக் கேட்டு ஜெனிலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினோம். அப்போது கூடத்திலிருந்து கேட்டது.

“எனக்கு வலிக்குது.”

பரமகுரு. நாள் பூராவும் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

“எனக்கு வலிக்குது.” படுக்கையில் கிடந்தவர். அவருக்கு என்ன என்று போர்வையை விலக்கிப் பார்த்தோம். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

“எனக்கு வலிக்குது.” ஜன்னலோரம்.

நான்கு கழுத்துகளிலிருந்து என் குரல் மாறி மாறி வந்தது. பழைய ஓய்வுகளெல்லாம் நிறைவேறாத வலிகளாக மாற மாற, திரையில் நூறு தொண்ணூற்றொன்பதாகி, தொண்ணூறாகி இறங்கிக்கொண்டிருந்தது. தயானந்தன் சார் ரிமோட்டைத் தேடினார்.

வண்டியில் நிதிலனை உட்காரவைத்தே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வளையத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். “நாளைக்குக் கொண்டுவந்திருந்தா மூச்சுக்குழாயே அடைபட்டிருக்கும்” என்றார் டாக்டர். ஆறு பல் போயிற்று. கழுத்தில் இரண்டு இடத்தில் கீறிச் சீழை வடித்தார்கள். பிழைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மிருதுளா போன் செய்தாள். இல்லத்துக்கு வாரியத்திலிருந்து வேறு அதிகாரி வந்திருக்கிறாராம். மீதி மூன்று பேரையும் மருத்துவரிடம் காட்டிவிட்டார்களாம். “மூலப்பாடம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“சொல்லியிருக்கேன்க்கா. மேல கூட்டம் போட்டுப் பேசணும்னு சொல்றாங்க. இந்த வீட்டை மட்டும்தான் நம்மால திருத்த முடிஞ்சுது. ஒரு வீட்டு அம்மா ஒத்துக்கிட்டதுக்காக மொத்தத்தையும் எப்படி மாத்துறதுன்னு கேக்குறாங்க.”

என்னை விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை. அதைப் பையில் மடித்துவைத்துக்கொண்டு நிதிலன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மணி நான்கு இருக்கும். வார்டில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தது. அவன் கழுத்தில் கட்டு. வளையம் இல்லை. கட்டில் கம்பியில் மூன்று தட்டு தட்டினான்.

யாரும் டீ கேட்கவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் தட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மூன்று தட்டு தட்டினேன். அவன் காத்திருந்தான். மறுபடி தட்டினான். நானும் தட்டினேன். அப்பா இனி வரமாட்டார் என்பதை எப்படித் தட்டுவது என்று எனக்கு இப்போதும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவன் வலது தோள் மெல்ல என் பக்கம் சாய்ந்தது. என் முந்தானையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

நர்ஸ் மருந்து கொண்டுவந்தாள். சின்னப் பெண், முகத்தில் களைப்பு. “ஏம்மா அழுறீங்க, நல்லாயிட்டாருல்ல?”

“ஒண்ணுமில்லம்மா. இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?”

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். “உங்க குரலை எங்கயோ தெனமும் கேட்ட மாதிரியே இருக்கே.”

நான் பதில் சொல்லுமுன் எதிர்க் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

“எனக்கு ஓய்வு வேணும்.”

அங்கே ஒரு பெரியவர். பக்கவாதமோ என்னவோ, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கழுத்தில் புதிய வளையம், பளபளவென்று. ஒரு கை அசையாமல் கிடந்தது. மற்றொரு கை நெஞ்சை அமுக்கிப் பிடித்திருந்தது.

“அட, அதான்!” நர்ஸ் சிரித்தாள். “அச்சு அசல் உங்க குரல்ம்மா. பேச்சு வராத பேஷண்டுங்களுக்குன்னு போன மாசம்தான் எல்லா வார்டுக்கும் வந்துச்சு. எங்களுக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா?” அவர் பக்கம் போய்த் தலையணையைச் சரிசெய்தாள். “சரிங்க ஐயா. நல்லா ஓய்வெடுங்க.” திரைச்சீலையை இழுக்க ஆரம்பித்தாள்.

“இழுக்காதேம்மா!” எழுந்துவிட்டேன். “அவருக்கு ஓய்வு வேண்டாம். வலிக்குது. டாக்டரைக் கூப்பிடு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது நான் சொல்லிக்குடுத்தது. நான் தப்பாச் சொல்லிக்குடுத்தேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. என் தோளைத் தொட்டு உட்காரவைக்கப் பார்த்தாள். “மூணு நாளா தூங்காம இருக்கீங்கம்மா. அவரே வாய்விட்டுக் கேக்குறாரு. அவருக்கு என்ன வேணும்னு அவரைவிட நமக்குத் தெரியுமா?”

திரைச்சீலை மூடியது. அதற்குப் பின்னாலிருந்து என் குரல் அதே மென்மையோடு இன்னொரு தரம் ஓய்வு கேட்டது. வார்டின் கடைசிக் கட்டிலில் யாரோ ஒரு பெண்ணும் கேட்டாள். நிதிலன் என் முந்தானையை விடவில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு, நான் டாக்டரைத் தேடி ஓடினேன்.